வைக்காத இடத்தில் எண்ணெய்

லிஃப்ட்காரரின் ரயில் ஜன்னல் வரைக்கும் ஒழுங்காகத்தான் ஏறும். ஜன்னலின் முதல் கம்பிக்கு நேராக வந்ததும், வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தது அதற்கு ஞாபகம் வந்துவிடும். இன்ஜினின் சக்கரங்கள் சுற்றும், மோட்டார் முனகும், வண்டி மட்டும் நகராது. ஐந்து பெட்டிகளோடு நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் காலை உதைத்துவிட்டு, பிறகு மெல்ல, ஒரு மரியாதையோடு, பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு கீழே வரும்.

"போய்ச் சேர்ந்தாச்சா?" என்று அடுத்த அறையிலிருந்து மனைவி கேட்பார்.

"வந்து சேர்ந்தாச்சு" என்பார் இவர்.

இருபத்தாறு வருடமாக இவர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டுக் கட்டடங்கள் இவர் பொறுப்பில். காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால், ஒவ்வொரு கட்டடத்திலும் மொட்டைமாடிக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெஷின் ரூமுக்கு ஏறி, கேட்டு, தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு இறங்குவார். யாராவது போனில் தேடினால் "அவர் மேல போயிருக்கார்" என்று மனைவி சொல்லக் கூடாது என்பது கல்யாணமான முதல் மாதமே போடப்பட்ட ஒப்பந்தம். ஒருமுறை அப்படிச் சொல்லப்போய், இவருடைய பெரியம்மா மகன் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு அழுதுகொண்டே வந்து நின்றார். கதவைத் திறந்தது இவர். லீவு வீணானதில் அண்ணனுக்கு இன்னும் வருத்தம்.

ரயில் ஆறு வருடத்துக்கு முன்னால் வந்தது. உதிரிபாகக் கடைக்குப் பக்கத்துக் கடையில், ஓடாத கடிகாரங்களுக்கும் பழைய கேமராக்களுக்கும் நடுவே ஒரு கையளவு நீராவி இன்ஜின் பொம்மை உட்கார்ந்திருந்தது. மகளுக்கு என்று சொல்லி வாங்கினார். மகளுக்கு அப்போது வயது பத்தொன்பது. பிறகு அவள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அவள் ஏறிய பஸ் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அளவு நாடா அவள் அறைக்குள் நுழைந்துவிட்டது என்பது மனைவியின் குற்றச்சாட்டு. இல்லை, மறுநாள் காலையில்தான் என்று இவர் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்.

மற்ற மனிதர்கள் என்றால் மேஜையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, வண்டி சுற்றுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். வாழ்க்கை முழுக்க மேலே ஏற்றி இறக்கிப் பழகியவருக்கு அது எப்படிப் போதும்? மேஜையில் ஒரு நிலையம், அதற்கு ஆறு அங்குலம் உயரத்தில் மலைமேல் ஒரு நிலையம், நடுவே சரிவு என்று திட்டம் போட்டார். மனைவி மூன்று நிபந்தனைகள் வைத்தார்: ஜன்னல் திறக்க வேண்டும், அலமாரிக் கதவு திறக்க வேண்டும், மகள் வந்தால் படுக்க இடம் வேண்டும். மூன்றையும் நிறைவேற்றிய பிறகு சரிவுக்கு மிச்சமானது ஒன்பதடிச் சுவர். ஒன்பதடியில் ஆறு அங்குலம் என்பது ரயிலுக்குச் சுவர் ஏறுவது மாதிரி.

இணையத்தில் மாதிரி ரயில் வைத்திருப்பவர்களின் குழு ஒன்று உண்டு. முன்னூறு பேர். ஏற்றம் ஏறாத வண்டிக்கு முன்னூற்றிரண்டு வைத்தியம் சொல்வார்கள். நூறு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம்தான் ஏற்றலாம், அதற்குமேல் ஆசைப்படாதே என்பது அவர்களுடைய முதல் அறிவுரை. அந்தக் கணக்குக்கு இருபத்தைந்து அடி வேண்டும். ஒன்பதடிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை.

எனவே பிடிப்பைக் கூட்டுவதுதான் வழி. முதலில் எடை. தூண்டில்காரர்கள் வாங்கும் ஈயக்குண்டுகளை வாங்கிவந்து, தட்டையாகத் தட்டி, இன்ஜினின் வயிற்றுக்குள் ஒட்டினார். முன்பக்கம்தான் இடம் இருந்தது, அங்கே வைத்தார். இன்ஜின் மூக்கைத் தொங்கப்போட, இழுக்கிற பின்சக்கரங்கள் தூக்கிக்கொண்டன. பிய்த்தெடுத்து, இழுக்கிற சக்கரங்களுக்கு நேர்மேலே வைத்தார். வண்டி முதல் கம்பியைத் தாண்டி இரண்டாவது கம்பிவரை வந்தது. உற்சாகத்தில் இன்னும் ஈயம் சேர்த்ததில் மோட்டாரிலிருந்து பிளாஸ்டிக் தீயும் வாசனை வந்தது.

"எடை போட்டாத்தான் மேல ஏற முடியும்னா, நான் இந்நேரம் மலையுச்சியில உட்கார்ந்திருக்கணும்" என்றார் மனைவி. அவர் ஒரு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்ப்பவர். உட்கார்ந்தே பார்க்கிற வேலை.

அடுத்தது ரப்பர் வளையம். தலைமுடி கட்டும் ரப்பரைவிட மெல்லியது, இழுக்கிற சக்கரத்தின் விளிம்பில் மாட்டுவது, தண்டவாளத்தைக் கவ்விப்பிடிக்கும். வரவழைத்தார். ஒரு புதன்கிழமை, பார்சல் தபால் நிலையத்துக்கு வந்துவிட்டது, ஐந்து மணிக்குள் வாங்கிக்கொள்ளலாம் என்று சேதி வந்தது. இனி நடந்ததெல்லாம் அந்தப் புதன்கிழமையிலிருந்துதான்.

அன்றைக்குக் கடைசி வேலை, ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று. அங்கே மெஷின் ரூமில் ஒரு பெரிய கப்பி. அதன் விளிம்பில் வெட்டிய பள்ளங்களில் நான்கு இரும்பு வடங்கள் உட்கார்ந்திருக்கும். ஒரு முனையில் லிஃப்ட்டின் பெட்டி, மறுமுனையில் எதிரெடை. பல்லும் கிடையாது, கொக்கியும் கிடையாது. வடத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருக்கிற பிடிப்பு ஒன்றுதான் ஆட்களைத் தாங்குகிறது. இது தெரியாமல் ஆறு பேர் உள்ளே ஏறி, கண்ணாடி பார்த்துத் தலைசீவிக்கொள்கிறார்கள்.

அந்தப் பிடிப்பைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கப்பியின்மேலும் வடங்களின்மேலும் சேர்த்து, குறுக்காகச் சாக்பீஸால் ஒரு கோடு போடுவது. லிஃப்ட்டை ஏற்றி இறக்கி, அதே இடத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பது. வடத்தின் கோடும் கப்பியின் கோடும் ஒன்றாகவே நின்றால் நல்லது. விலகி நின்றால் வடம் வழுக்குகிறது. கம்பெனி கொடுத்திருக்கும் சோதனை அட்டையில் இது பதினோராவது கட்டம்.

கப்பியின் அச்சைத் தாங்குகிற பேரிங்குக்கு அன்றைக்கு எண்ணெய் விட்டார். கொஞ்சம் கூடிவிட்டது. வழிந்ததைத் துணியால் துடைத்தார். ஒரு சொட்டு அச்சின் உள்பக்கமாக ஓடியதையும் பார்த்தார். ஒரு சொட்டுதானே. மணி நாலு இருபது. சாக்பீஸ் சோதனைக்குக் கால்மணி நேரம் ஆகும். படியிறங்கும்போதே அட்டையைச் சுவரில் வைத்து, பதினோராவது கட்டத்தில் டிக் போட்டார். அப்படிச் செய்தது வாழ்க்கையிலேயே முதல்தடவை என்பார். மூன்றாவது தடவையாகவும் இருக்கலாம். அவரும் எண்ணி வைக்கவில்லை.

நாலு ஐம்பதுக்குப் பார்சல் கைக்கு வந்தது.

நான்காவது நாள், ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நிறைய ஆட்களோடு மூன்றாம் மாடிக்கு வந்து, தரைக்கு நாலு விரற்கடை கீழே நின்றது. முதலில் இறங்கியவர் கணக்கு டீச்சர். கால் தட்டி விழுந்ததில் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. கரும்பலகையில் எழுதுகிற கை.

மறுநாள் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். இஸ்திரி கலையாத மனிதர். மேலே ஏறி ஒரு வடத்தை விரலால் தடவி, விரலை எல்லோருக்கும் காட்டினார். எண்ணெய். வடத்தில் இருக்கவே கூடாத வழுவழுப்பு. மெஷின் ரூம் கதவோரம் ஒரு எண்ணெய்க் குப்பி இருந்தது. அறைச் சாவி இருந்தது வாட்ச்மேனிடம். போன வாரம் லிஃப்ட் கீச்சிடுகிறது என்று குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் புகார் சொன்னபோது "நான் பாத்துக்கறேன் சார்" என்று வாட்ச்மேன் சொன்னதும் செயலாளருக்கு நினைவு வந்தது. மெக்கானிக்கிடம் சொல்கிறேன் என்பதைத்தான் அந்த மனிதன் அப்படிச் சொல்லியிருந்தான். ஆனால் அதற்குள் விசாரணை முடிந்துவிட்டது.

இவரையும் ஒரு கேள்வி கேட்டார்கள், பேருக்கு.

"நீங்க பேரிங்குக்கு விட்ட எண்ணெய் அங்க போயிருக்குமா?"

"பேரிங்குக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கு சார். எண்ணெய் என்ன, நடந்தா போகும்?"

சூப்பர்வைசருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது. அறிக்கையில் அப்படியே சேர்த்துக்கொண்டார். சாவியை வாட்ச்மேனிடமிருந்து வாங்கிக் கம்பெனிக்கே கொண்டுபோனார். வடங்களையும் பள்ளங்களையும் சுத்தம் செய்யச் சொன்னார். இவர் செய்தார். சாக்பீஸ் கோடும் போட்டுப் பார்த்தார், ஒன்றாகவே நின்றது. லிஃப்ட் ஓடியது. மாதம் முடிந்ததும் வாட்ச்மேன் வேலையையும், படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அறையையும் விட்டுவிட வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. வேலை போனால் வீடும் போகும், வாசலில் மேஜை போட்டுத் துணி தேய்க்கிற அவன் மனைவியின் பிழைப்பும் போகும்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது வாட்ச்மேன் வழிமறித்தான்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்கண்ணே."

"நான் என்னப்பா சொல்றது?"

"நான் ஊத்தலைன்னு. கதவுக் கீல் சத்தம் போட்டுச்சு, அதுக்குத்தான் அந்தக் குப்பி. வடம் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதுண்ணே. அந்த மெஷினைப் பாத்தாலே பயம் எனக்கு."

"நீ ஊத்தினதை நான் பாக்கலப்பா. ஊத்தாததையும் நான் பாக்கலையே."

சட்டப்படி அதில் ஒரு குறையும் கிடையாது. வாட்ச்மேனின் மனைவி தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இவரைப் பார்த்தாள். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ரயில் அறையிலும் நிலைமை சரியில்லை. ரப்பர் வளையம் மாட்டியதும் வேறொரு வம்பு. இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் ஏறும். ரப்பர் மாட்டிய சக்கரங்கள் மின்சாரத்தைத் தொடுவதில்லை. வண்டி சமதளத்திலேயே விக்க ஆரம்பித்தது. குழுவில் கேட்டார். தண்டவாளத்தில் ஊசிமுனையளவு மெல்லிய எண்ணெய் வை, மின்சாரம் நன்றாகப் பாயும் என்று ஒருவர் சொன்னார். கீழ்நிலையத்தில் ஒரு தண்டவாளத்துக்கு ஒரு சொட்டு வீதம் இரண்டு சொட்டு வைத்தார். ஊசிமுனை என்பது அவரவர் ஊசியைப் பொறுத்தது. விக்கல் நின்றது, வண்டி சமதளத்தில் பட்டுமாதிரி ஓடியது. ஆனால் சரிவில், ஈயத்தால் கிடைத்த முன்னேற்றமும் போய், மறுபடி முதல் கம்பியிலேயே கால் உதைத்தது. நாள் போகப்போக அதற்கும் கீழே.

வளையத்தைக் குறை சொன்னார். ஈயத்தைக் குறை சொன்னார். சுவரையே குறை சொன்னார். குழுவில் யாரோ "தண்டவாளத்தில் ஏதாவது தடவினீர்களா?" என்று கேட்டதற்கு, கொஞ்சம் ரோஷத்தோடு, "கீழ்நிலையத்தில் இரண்டு சொட்டு. சரிவில் ஒரு சொட்டுகூட வைக்கவில்லை" என்று எழுதினார்.

டீச்சர் விழுந்து மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதற்குப் பதில் வந்திருந்தது. எழுதியவர் டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு அம்மாள். "நீங்கள் வைக்கவில்லை, சரி. உங்கள் சக்கரம் வைத்ததா என்று அதைக் கேட்டீர்களா?"

இவர் ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, எண்ணெய் வைத்த நிலையத்திலிருந்து வெகுதூரத்தில், சரிவின் நடுவில், ஜன்னலுக்கு நேராகத் தண்டவாளத்தைத் தேய்த்தார். துணியில் கறுப்பாக, கொழகொழவென்று ஒரு கோடு. இன்னும் மேலே தேய்த்தார். அங்கேயும் கோடு. வண்டி எட்டிப்பார்த்த கடைசி அங்குலம் வரைக்கும் எண்ணெய் போயிருந்தது. சக்கரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பூசியிருந்தன.

"ஸ்பிரிட் இருக்கா?" என்று கேட்டார்.

"எந்த இடத்துல அடி?" என்று பஞ்சோடு ஓடிவந்த மனைவி, விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் உட்கார்ந்து கூடவே துடைத்தார். சாமணத்தில் பஞ்சைப் பிடித்து, அங்குலம் அங்குலமாக. இவர் சக்கரங்களைத் துடைத்தார், எண்ணெயில் ஊறி உப்பிப்போயிருந்த வளையங்களைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார். எல்லாம் காய்ந்ததும் வண்டியை விட்டார்.

வண்டி முதல் கம்பியைத் தாண்டியது. இரண்டாவது கம்பி. மூன்றாவது. திணறவே இல்லை. ஐந்து பெட்டிகளோடு மலைநிலையத்தில் போய், இத்தனை நாள் அங்கேதான் இருந்தது போல நின்றது.

"ஏறிடுச்சுங்க!" மனைவி கைதட்டினார். "ஏறிடுச்சு! மேல போய்ச் சேர்ந்தாச்சு!" பிறகு திரும்பிப் பார்த்தார். "என்னங்க? ஏறினதுக்கா இந்த முகம்?"

இவர் கையில் இன்னும் அந்தத் துணி இருந்தது.

"வைக்காத இடத்துக்குப் போயிருக்கு" என்றார்.

"ஆமா. அதான் துடைச்சாச்சே."

"இல்லம்மா. நடந்து போயிருக்கு."

பிறகு கட்டிலில் உட்கார்ந்து, எண்ணெய் கூடிப்போனது, துணியால் துடைத்தது, நாலு இருபது, பதினோராவது கட்டம், தபால் நிலையம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அது நல்ல அறிகுறி இல்லை.

"அந்த ரப்பர் வாங்கவா?"

"ம்."

"மருந்துச் சீட்டைப் பாக்காம நான் ஒருநாள் டிக் போட்டேன்னு வெச்சுக்கங்க. எந்த ரயிலைப் பிடிக்கப் போனேன்னு யாராவது கேப்பாங்களா?"

"எண்ணெய் என்னோடதான்னு இன்னும் நிச்சயம் இல்ல."

"அவன்தான் ஊத்தினான்னு மட்டும் நிச்சயமா?"



"மாசக் கடைசி எப்போ?"

"செவ்வாய்."

"நாளைக்கு என்ன கிழமை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பஞ்சைப் பொறுக்கிக்கொண்டு மனைவி எழுந்து போனார்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனியில் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். வாட்ச்மேன் அறை வாசலில் இரண்டு அட்டைப்பெட்டிகள் கயிறு கட்டி வைக்கப்பட்டிருந்தன. நல்லவேளை, வாட்ச்மேன் கண்ணில் படவில்லை. நல்லவேளை என்று நினைத்ததும் இவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

மெஷின் ரூமைத் திறந்தார். மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்த அறை. சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போன பள்ளங்கள். விரலை வைத்தார். வழுக்கியது.

டார்ச்சை அடித்துப் பார்த்தார். பேரிங்கின் உள்விளிம்பிலிருந்து அச்சின்மேல் ஒரு பளபளப்பு. அச்சிலிருந்து கப்பியின் பக்கவாட்டில் ஏறி, சுற்றுகிற வேகத்தில் மெல்லிய கீற்றுக்கீற்றாக வெளியே சிதறி, விளிம்புவரை. ஒரு சாண் தூரத்தை எண்ணெய் நடந்துதான் போயிருந்தது. இப்போதும் நடந்துகொண்டிருந்தது. சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டார். ஏற்றி இறக்கினார். நான்கு முறை. வடத்தின் கோடு கப்பியின் கோட்டைவிட்டு அரை விரற்கடை விலகி நின்றது.

பையில் துணி இருந்தது. ஐந்து நிமிடம் போதும். துடைத்து, பேரிங்கில் எண்ணெயைக் குறைத்து, கசிவை அடைத்து, கோடு போட்டு, இந்தத் தடவை நிஜமாகவே டிக் போட்டுவிட்டு இறங்கலாம். ஒருவரும் கேட்கப்போவதில்லை. நாளைக்கு அந்த அட்டைப்பெட்டிகள் ஏதாவது வண்டியில் ஏறிவிடும். துணியை எடுத்து மடித்தார். மறுபடி மடித்தார். பிறகு அதைப் பைக்குள் திணித்துவிட்டு, லிஃப்ட்டின் மெயின் சுவிட்சை அணைத்தார். சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

சூப்பர்வைசர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்க எனக்குப் போனே பண்ணலை" என்றார்.

"பண்ணிட்டேனே சார்."

"யோவ், நான் சொல்றதைக் கேளும். ரிப்போர்ட் போயாச்சு. உம்ம வாக்கியம்தான்யா அதுல, ஒரு சாண், நடந்தா போகும்னு. மேல எல்லாரும் சிரிச்சாங்க. இப்போ நடந்து போச்சுன்னு நான் எப்படிப் போய்ச் சொல்றது? துடைச்சுட்டு இறங்கும். பேரிங் சீல் கசியுதுன்னு தனியா ஒரு சீட்டு எழுதிக் கொடும், மாத்திடலாம்."

"அந்த வாட்ச்மேன் சார்..."

"அது அவங்க சங்கம் எடுத்த முடிவு. நமக்கென்ன?" குரல் கொஞ்சம் இறங்கியது. "இதைக் கேளும். அன்னிக்கு நீர் சாக்பீஸ் போட்டிருந்தாலும் சரின்னுதான் வந்திருக்கும். எண்ணெய் அதுக்கப்புறம்தானே போயிருக்கு?"

"இருக்கலாம் சார்."

"அப்புறம் என்ன?"

"போடலையே சார். போட்டேன்னு எழுதியிருக்கேன்."

"எழுதினவர் நீர், கம்பெனி இல்ல. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனை வைத்தார்.

படியிறங்கினார். சூப்பர்வைசருக்கு மேலே யார் என்று யோசித்தபடி ஐந்தாம் மாடி, நாலாம் மாடி. ஐந்தாம் மாடியில் செயலாளரின் கதவு மூடியிருந்தது. தட்டியிருக்கலாம். தட்டாமல் தாண்டிவந்தார். மூன்றாம் மாடியில் கால் நின்றது.

கதவைத் திறந்த கணக்கு டீச்சரின் வலது கை முழங்கைவரை மாவுக்கட்டுக்குள் இருந்தது. ஐம்பது வயது இருக்கும். சோபாவில் பரீட்சைத் தாள்கள் அடுக்கியிருந்தன. மேலே இருந்த தாளில், இடது கையால் போட்ட மதிப்பெண் கோழி கிளறினாற்போல் இருந்தது.

"லிஃப்ட் மறுபடி நின்னுடுச்சா?" என்றார்.

"நான்தான்மா நிறுத்தினேன்."

நின்றபடியே சொன்னார். வீட்டில் மனைவியிடம் சொன்னதைவிட வேகமாக வந்தது, ஆனால் ரப்பர் வளையம் வந்த இடத்தில் குரலைத் தணித்துக்கொண்டார். ஒரு டீச்சரின் கை, மூன்று வாரச் சம்பளம் இல்லாத லீவு, பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ரப்பர் வளையம்.

டீச்சர் திட்டவில்லை. அது இவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. திட்டியிருந்தால் அத்தோடு ஒரு பாதி முடிந்திருக்கும்.

"விளையாட்டு ரயிலா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்மா."

"ஏறிச்சா?"

"நேத்து ஏறிடுச்சு."

டீச்சர் ஒரு வெள்ளைத்தாளை உருவி மேஜையில் வைத்தார். பேனாவையும் வைத்தார். "வாயால சொன்னா நாளைக்கு யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. எழுதுங்க. நான் எழுதித் தந்திருப்பேன். என் கை எழுதாது."

எழுதினார். நாலு வரி. டீச்சர் குனிந்து படித்தார்.

"'சோதனை விடுபட்டுவிட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. அது தானா விடுபட்டதா, நீங்க விட்டீங்களா?"

அடித்துவிட்டு "சோதனையை நான் செய்யவில்லை" என்று எழுதினார்.

"'செய்ததாகப் பொய்யாக எழுதினேன்'. அதையும் சேர்க்கணும் இல்லையா? விடை மட்டும் எழுதினா மார்க் கிடையாது, வழியும் வேணும்."

அதையும் எழுதினார். அந்தப் 'பொய்' என்ற சொல்லில் பேனா ஒரு கணம் நின்று, மையைக் கக்கியது. வாட்ச்மேனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று கடைசி வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேருக்குக் கீழே கம்பெனி எண்ணையும் போட்டார். இனி அந்த எண் எத்தனை நாள் இருக்குமோ.

"செயலாளர்கிட்ட நானும் சொல்றேன்" என்றார் டீச்சர். "ஆனா முதல்ல கீழ போங்க."

கீழே வாட்ச்மேன் மூன்றாவது பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி தேய்ப்பு மேஜையின் கால்களைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். இவர் தாளை நீட்டினார். வாட்ச்மேன் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தான். முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தான்.

"தம்பி, நான் அன்னிக்கு..."

"இது எப்போ தெரியும் உங்களுக்கு?"

"நேத்துதான். எண்ணெய் போன வழி நேத்துதான் புரிஞ்சுது."

"அது இல்ல சார்." 'அண்ணே' போய் 'சார்' வந்துவிட்டது. "இந்தச் சோதனை செய்யலைங்கறது. அது எப்போ தெரியும்?"

இவர் வாயைத் திறந்தார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"அன்னிலேருந்தே" என்றார்.

வாட்ச்மேன் தலையாட்டினான். கோபம் வந்த முகம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிற முகம்.

"இவ இருக்காளே சார்," என்று மனைவியைக் காட்டினான், "முதல் வாரம் சங்கத்துல இருக்கற எல்லார் கூடவும் சண்டை போட்டா. ரெண்டாவது வாரம் என்கிட்ட மெதுவா கேட்டா. நிஜமாவே நீங்க ஊத்தலதானேன்னு. மூணாவது வாரம் கேக்கறதையும் விட்டுட்டா. அப்போ நானே யோசிக்க ஆரம்பிச்சேன் சார். ராத்திரித் தூக்கக் கலக்கத்துல போய் ஊத்தியிருப்பேனோன்னு. கீலுக்கு விட்ட கை அங்கயும் போயிருக்குமோன்னு. என் கையை நானே மோந்து பாத்துருக்கேன்."

அவன் மனைவி திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். யாரையும் பார்க்கவில்லை.

"மன்னிச்சுடுப்பா" என்றார் இவர். சொன்ன பிறகு அது அந்த இடத்துக்கு மிகச் சின்னதாக இருந்தது. "வா, செயலாளர்கிட்ட போகலாம். நானே சொல்றேன்."

"வேணாம் சார்."

"நான் வந்து நேர்ல சொன்னாத்தான்..."

"நீங்க வந்தா அவர் உங்க கூடப் பேசுவாரு. நான் பக்கத்துல நிப்பேன். அப்படியேதானே போன தடவையும் நடந்துச்சு." தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு அது போதாது என்று நினைத்தவன் போல வெளியே எடுத்து, விரித்து, கையிலேயே பிடித்துக்கொண்டான். "நான் கொண்டு போறேன். நான் படிச்சுக் காட்டறேன்."

லிஃப்ட் கதவருகே போய்ப் பொத்தானை அழுத்தினான். விளக்கு எரியவில்லை. பழக்கத்தில் இன்னொரு தடவை அழுத்தினான். பிறகு இவரைத் திரும்பிப் பார்க்காமலே படிக்கட்டுப் பக்கம் போனான்.

"ஐயோ, நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றார் இவர். "அஞ்சு மாடி."

செருப்புச் சத்தம் முதல் வளைவைத் தாண்டியது. இவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நாலு படி ஏறினார். வர வேண்டாம் என்று அவன் சொன்னது ஐந்தாவது படியில் நினைவுக்கு வந்தது. இறங்கவும் தோன்றவில்லை, ஏறவும் தோன்றவில்லை. கீழே வாட்ச்மேனின் மனைவி, கழற்றிய மேஜைக்காலை மறுபடி மாட்டலாமா, இல்லை மற்றதையும் கழற்றிவிடலாமா என்று தெரியாமல், மூன்று காலில் நின்ற மேஜையைச் சாயாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேலேயே காதை வைத்திருந்தாள்.